விரல் நுனியில் ஒரு வீக்கம்: நுரையீரல் புற்றுநோயின் அரிய பரவலை ஸ்கேன் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விரல் நுனி சிவந்து வீங்கி விண்விண்ணென்று தெறித்தால் நம் வீடுகளில் முதலில் வாயில் வரும் சொல் நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலை அதில் செருகிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருப்போம். குறையாவிட்டால் டாக்டரிடம் போவோம். ஆன்டிபயாடிக் தருவார், சீழ் இருந்தால் கீறி எடுப்பார், சரியாகிவிடும். அநேகமாக எல்லாருக்கும் கதை இவ்வளவுதான்.

மிக மிக அபூர்வமாக யாரோ ஒருவருக்கு மட்டும் சரியாகாது. மாத்திரை இரண்டு சுற்று முடிந்தும் வீக்கம் அப்படியே இருக்கும். கீறினாலும் சீழ் வராது. அப்போது கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தால், விரல் நுனி எலும்பு அரித்துப்போய் இருக்கும். வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடம் கறுத்துக் கிடக்கும். அங்கிருந்து துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அதில் இருப்பவை நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள். நுரையீரலில் நோய் இருக்கிறது என்பதே இப்படி விரலின் வழியாகத் தெரியவந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல குறிப்புகள் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் தன் விரலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எலும்புக்குப் பரவும் புற்றுநோயில் கை, பாத எலும்புகளுக்குப் போவது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் என்று நூல்கள் சொல்கின்றன. ஆனால் கை எலும்புக்குப் பரவும் புற்றுநோய்களில் முதலிடம் நுரையீரலுக்கு. நெஞ்சுக்குள் இருக்கிற நோய் விரல் நுனிவரை எப்படிப் போனது, ஸ்கேன்கள் அதை எப்படிப் பிடிக்கின்றன, எங்கே கோட்டைவிடுகின்றன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்து, கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் நிற்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பரவல். கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் ரத்தத்திலோ நிணநீரிலோ கலந்து வேறோர் இடத்தில் போய்த் தங்கி வளர்வதையே பரவல் என்கிறோம். ரத்தத்தின் பாதையைப் பார்த்தால் நுரையீரலுக்கு ஒரு தனித்தன்மை இருப்பது தெரியும். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. கல்லீரலுக்குள் புகுந்துதான் வெளியே வரும். அதனால்தான் குடல் புற்றுநோய் பரவும்போது அடிக்கடி கல்லீரலில் தங்குகிறது. உடம்பின் மற்ற பாகங்களிலிருந்து வரும் ரத்தம் நுரையீரலின் மயிரிழைக் குழாய்களைத் தாண்டித்தான் மறுபடி உடம்புக்குப் போகும். ஆக, மற்ற உறுப்புகளில் தொடங்கும் நோய்க்கு வழியில் ஒரு சல்லடையாவது இருக்கிறது. நுரையீரலிலேயே தொடங்கிய நோய்க்கு அந்தச் சல்லடை இல்லை. அங்கிருந்து கிளம்பும் செல் இதயத்தின் இடப்பக்கம் வந்து, பெருந்தமனியில் ஏறி, ஒரே துடிப்பில் மூளைக்கும் போகலாம், குதிகாலுக்கும் போகலாம்.

அப்படியானால் எல்லா இடத்திலும் சமமாகப் பரவ வேண்டுமே? பரவுவதில்லை. மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, எதிர்ப்பக்க நுரையீரல் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். லண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889ல் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். விதை எல்லாத் திக்கிலும் விழுகிறது, ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று சொன்னார். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாக இன்றும் யாரும் சொல்லவில்லை. தசையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குத் தசைதான். ரத்த ஓட்டமும் தாராளம். ஆனாலும் புற்றுநோய் தசைக்குப் பரவுவது அரிது. ஓயாத அசைவும், உழைக்கும் தசையில் சேரும் லாக்டிக் அமிலமும் அந்த மண்ணைக் கெடுத்துவைக்கின்றன என்று காரணம் சொல்கிறார்கள்.

தசை, தோல், சிறுகுடல், சிறுநீரகம், கண்ணின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம், இதயத் தசை, ஈறு, விரல் நுனி. இவையெல்லாம் அரிய இடங்கள். அரிது என்றாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். 2022ல் மட்டும் உலகில் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. வேறெந்தப் புற்றுநோயும் இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. இத்தனை பெரிய கூட்டத்தில், அரியது என்று நாம் சொல்வதும் ஒரு பெரிய புற்றுநோய் மையத்தின் ஸ்கேன் அறையில் அவ்வப்போது கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கும்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

எக்ஸ்ரே பழைய கருவி. 1895 டிசம்பரில், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை வைத்து எடுத்த படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள்: விரல் எலும்புகளும் மோதிரமும் மட்டும் தெரியும். விரல் நுனிக்கு இன்றைக்கும் முதல் படம் அதுவேதான். ஆனால் எலும்பில் பாதிக்குப் பாதி அளவாவது கரைந்தால்தான் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். அதற்கு முந்தைய கட்டத்தில் படம் நார்மலாகவே இருக்கும்.

சி.டி. ஸ்கேனும் எக்ஸ்ரேதான்; உடம்பைச் சுற்றிச் சுற்றி எடுத்து, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ரொட்டித் துண்டு மாதிரி மெல்லிய வெட்டுகளாகக் காட்டும். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இயந்திரத்தில் முதல் நோயாளியை 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த ஒரு மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரில் ஓர் அளவுகோல் இருக்கிறது; ஒரு பொருள் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லும். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100க்குப் பக்கத்தில். இந்த அளவுகோல் எவ்வளவு உதவும் என்பதற்கு அட்ரினல் நல்ல உதாரணம். நுரையீரல் புற்றுநோய் உள்ளவருக்கு அட்ரினலில் ஒரு சின்ன உருண்டை தெரிகிறது. வீட்டில் எல்லாருக்கும் உயிர் போய்விடும். ஆனால் புற்றுநோயே இல்லாத பலருக்கும் அட்ரினலில் கெடுதல் செய்யாத கட்டி இருக்கும். அதில் கொழுப்பு நிறைய. கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் பளிச்சென்று தெரிவதற்காக ரத்தத்தில் ஏற்றுவது) போடாமல் எடுத்த சி.டி.யில் அந்த உருண்டைக்கு இந்த அளவுகோலில் வரும் எண் 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அது அநேகமாகக் கொழுப்புள்ள சாதுவான கட்டிதான். ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஓர் எண்ணால் நோயின் கட்டமே மாறிவிடும். கான்ட்ராஸ்ட் போட்டு மட்டும் எடுத்திருந்தால் அந்த எண்ணை இப்படி நம்ப முடியாது. டாக்டர் இரண்டாவது முறை சி.டி.க்கு எழுதித் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்பாராத இடத்தில் நோயைப் பிடிப்பதில் பெரிய கை பெட் ஸ்கேன்தான். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புற்றுநோய்ச் செல் சர்க்கரையை அளவுக்கு மீறி விழுங்கும் என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார். அந்தப் பசியைத்தான் பெட் ஸ்கேன் பயன்படுத்திக்கொள்கிறது. குளுக்கோஸில் ஒரு மூலையை மாற்றி அங்கே கதிர்வீசும் ஃப்ளூரின்-18ஐ ஒட்டினால் எஃப்.டி.ஜி. என்ற மருந்து கிடைக்கும். செல் இதைச் சர்க்கரை என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் படியைத் தாண்டியதும் மேற்கொண்டு எரிக்க முடியாது. பெரும்பாலான செல்களால் சட்டென்று வெளியே தள்ளவும் முடியாது. உள்ளேயே சேர்ந்துபோகும். ஃப்ளூரினிலிருந்து வெளிவரும் பாசிட்ரான் பக்கத்தில் உள்ள எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழியும்போது, நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமா கதிர்கள் பாயும். உடம்பைச் சுற்றியுள்ள வளையத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் அவை ஒரே கணத்தில் விழுந்தால், அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டில் எங்கேயோதான் அந்தச் சர்க்கரை இருக்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் சேர்ந்து படமாகின்றன.

எஃப்.டி.ஜி.யை மனிதருக்கு முதன்முதலில் செலுத்தியது 1976 ஆகஸ்டில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில். மருந்து தயாரானது நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில். அங்கிருந்து விமானத்தில் அவசர அவசரமாகக் கொண்டுவந்தார்கள். அவசரத்துக்குக் காரணம், ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். இன்றும் அதே ஓட்டம்தான். இந்தக் கதிர்வீசும் ஃப்ளூரினை உண்டாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் உள்ள ஊரில் தயாராகி, இல்லாத ஊருக்குக் காலையிலேயே வந்து சேர வேண்டும். 'வண்டி லேட், உங்கள் ஸ்கேனும் லேட்' என்று சொன்னால் கோபப்படாதீர்கள்; வண்டி நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் மருந்து குறைந்துகொண்டே போகிறது.

பெட் படத்தில் ஒளிர்வது தெரியும், எந்த உறுப்பில் என்பது மங்கலாகத்தான் தெரியும். 1998ல் பிட்ஸ்பர்க்கில் பெட்டையும் சி.டி.யையும் ஒரே இயந்திரத்தில் சேர்த்து நோயாளிகளைப் படம் எடுக்கத் தொடங்கிய பிறகு அந்தக் குறை தீர்ந்தது. தொடைத் தசையில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால், சி.டி.யில் அதே இடத்தில் விளிம்பு மட்டும் வெளுத்த ஒரு முடிச்சு இருக்கிறதா என்று உடனே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தசைப் பரவல்களில் பலவற்றை வெறும் சி.டி.யில் கண் தாண்டிவிடும், சுற்றியுள்ள தசையும் அதுவும் ஒரே சாம்பல் நிறம். பெட்டில் அது இருட்டு அறையில் வைத்த அகல் மாதிரி நிற்கும்.

ஸ்கேன் நாளில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் காரணம் தெரியும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். போனதும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏற்கெனவே நிறைய இருந்தால் மருந்துச் சர்க்கரைக்குக் கட்டியில் இடம் கிடைக்காது. சர்க்கரை நோயாளி அவசரப்பட்டு இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தால் இன்னொரு சிக்கல்: இன்சுலின் மருந்தையெல்லாம் தசைக்குள் தள்ளிவிடும், உடம்பு முழுக்கத் தசை பளபளக்கும், அதற்குள் ஒளிந்திருக்கும் தசைப் பரவல் தெரியவே தெரியாது. அதனால் சர்க்கரை மருந்தை எப்படிப் போடுவது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் மாடிப்படி ஏறி இறங்குவது, கனமான குடத்தைத் தூக்குவது மாதிரி வேலைகள் வேண்டாம் என்பதும் இதனால்தான். ஈயக் கவசம் போட்ட ஊசியில் மருந்து ஏறியதும், மங்கலான வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் சாய்ந்திருக்கச் சொல்வார்கள். குளிர்ந்தால் போர்வை கேளுங்கள். குளிரில் சூட்டை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு கழுத்திலும் தோளிலும் விழித்துக்கொண்டு சர்க்கரையைச் சாப்பிடும். படத்தில் நெறிக்கட்டு மாதிரியே ஒளிரும்.

பேசாதே என்பதற்குப் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. நுரையீரலின் இடப்பக்க மேல்பகுதியில் வரும் கட்டி சில சமயம் குரல்வளைக்குப் போகும் நரம்பை நசுக்கிவிடும். அந்த நரம்பு இடப்பக்கத்தில் நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது; அதனால்தான் இந்த ஆபத்து. இடது குரல் நாண் செயலிழந்து குரல் கம்மிவிடும். வலது நாண் இரண்டு பேர் வேலையைச் செய்யும். பெட்டில் அந்த வலது நாண் பிரகாசமாக எரியும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது குரல்வளைக்குப் பரவிய புற்றுநோய். உண்மையில் ஒளிர்வது ஆரோக்கியமான பக்கம், நோய்ப்பட்டது இருட்டாக இருக்கும் பக்கம்.

ஆகவே, பெட் காட்டுவது சர்க்கரைப் பசியை. புற்றுநோயை நேரடியாகக் காட்டுவதில்லை. நம் நாட்டில் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். உலகில் ஆண்டுதோறும் காசநோய் வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசநோய் முடிச்சுகளும் சர்க்கரையைப் பிரமாதமாக இழுக்கும். நெஞ்சின் நடுவே ஒளிரும் நிணநீர் முடிச்சு காசநோயாக இருக்கலாம், முதுகெலும்பில் ஒளிர்வதும் அப்படியே இருக்கலாம். வெளிநாட்டுப் பாடநூலில் ஒளிரும் முடிச்சுக்குத் தரும் அதே எடையை இங்கே கொடுத்தால் தப்பு நடக்கும். எதிர்த் திசையிலும் பிழை உண்டு. 8 மில்லிமீட்டருக்குக் குறைந்த பரவல் ஒளிராமல் போகலாம்; மெதுவாக வளரும் சில வகைக் கட்டிகளுக்குச் சர்க்கரையில் அவ்வளவு ஆசை இருக்காது.

மூளை தனிக் கதை. உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான் என்றாலும் உடம்பின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே செலவழிக்கிறது, அதுவும் முக்கியமாகக் குளுக்கோஸாக. பெட்டில் மூளை முழுக்க எரியும் அடுப்பு மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு பொறி தெரியாது. அதனால் மூளைக்கு எம்.ஆர்.ஐ., கடோலினியம் கான்ட்ராஸ்ட் போட்டு. ரத்தத்தில் உள்ள பொருள் மூளைக்குள் கசியாமல் காக்கும் தடுப்பு, கட்டி உள்ள இடத்தில் ஓட்டையாகிவிடும். அந்த ஓட்டை வழியாகக் கடோலினியம் கசிந்து, சில மில்லிமீட்டர் புள்ளியைக்கூட வெள்ளையாகக் காட்டும். மூளையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் நோய் படர்வது இன்னும் அரிதானது. சவ்வின் மடிப்புகளில் வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். பெட் எடுத்தாயிற்றே, எம்.ஆர்.ஐ. எதற்கு, வீண் செலவுதானே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கண்ணுக்குப் பரவினால் ஒரு பக்கப் பார்வை மங்கும், மின்னல் வெட்டுவது போல் தோன்றும். அதற்குக் கண் டாக்டர் விழிக்குள் பார்த்துச் சொல்வதும், மூடிய இமைமேல் ஜெல் தடவிச் செய்யும் அல்ட்ராசவுண்டும் போதும். விலை உயர்ந்த ஸ்கேன் தவறவிட்டதை இந்தச் சின்னப் பரிசோதனை சொல்லிவிடும்.

எந்தப் படத்துக்குப் பிறகும் கடைசி வார்த்தை துணுக்குப் பரிசோதனைக்குத்தான், அதாவது பயாப்சிக்கு. அதிலும் உடம்பில் ஒரே ஓர் இடம் மட்டும் ஒளிர்ந்தால் கட்டாயம். காரணம் இருக்கிறது. நெஞ்சுக்கு வெளியே ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் பரவியிருந்தாலும் நோய் நான்காம் கட்டம். எடுத்துவிடலாம் என்று இருந்த கட்டியை எடுக்க வேண்டாம் என்று முடிவு மாறலாம். அந்த ஒரே புள்ளி பழைய காசநோயாகவோ, விழுந்து அடிபட்ட விலா எலும்பாகவோ இருந்தால், குணப்படுத்தக்கூடிய ஒருவருக்கு அந்த வாய்ப்பை மறுத்துவிட்டோம் என்று ஆகும். அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ வழிகாட்ட, ஊசியால் துணுக்கு எடுப்பார்கள். அதில் டி.டி.எஃப்.-1 போன்ற புரதம் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்த்து, வந்தது நுரையீரலிலிருந்தா என்று சொல்வார்கள்.

நான்காம் கட்டம் என்றாலும் ஓர் இடத்துக்கு மட்டும் போனதும் பல இடங்களுக்குப் போனதும் ஒன்றல்ல. சிகாகோவைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள் 1995ல் இந்த வித்தியாசத்தைப் பற்றி எழுதினார்கள். பரவிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்தால், பொருத்தமான சிலருக்கு அந்த இடங்களையும் அறுவையாலோ குறிவைத்த கதிர்வீச்சாலோ தாக்கிப் பார்க்கிறார்கள். எத்தனை இடம் என்று எண்ணிச் சொல்வது ஸ்கேன்தான். ஒன்றை விட்டுவிட்டாலும், இல்லாத ஒன்றைக் கூட்டிவிட்டாலும் சிகிச்சை தடம் மாறிவிடும்.

அப்புறம், விரலுக்கு வருகிறேன். வழக்கமான பெட் ஸ்கேன் தலையின் அடிப்பகுதியில் தொடங்கித் தொடையின் நடுவோடு முடிந்துவிடும். நெஞ்சுப் பகுதி தெளிவாக விழ, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வார்கள். விரல்கள் படத்துக்கு வெளியே போய்விடும். முழங்காலும் பாதமும் அப்படியே. 'ஹோல் பாடி' என்று ரசீதில் எழுதியிருந்தாலும், ரிப்போர்ட்டின் மேலே எங்கிருந்து எங்குவரை எடுத்தது என்று ஒரு வரி இருக்கும். அதைப் படியுங்கள்.

ஸ்கேனுக்கு முன்னால் பெயர், வயது, எடை கேட்டு ஒரு தாள் தருவார்கள். சமீபத்தில் விழுந்ததா, தடுப்பூசி போட்டதா, முன்பு டி.பி. வந்ததா என்று கேட்பார்கள். கூட வந்தவர்கள் அவசரமாக எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நோயாளியிடம் கேட்டு நிரப்புங்கள். தோலில் புதிதாக வந்த முடிச்சு, இரவில் எழுப்பும் ஓரிடத்து வலி, ஈறில் ஆறாத புண் எல்லாம் அதில் வர வேண்டும். 'வலது கட்டைவிரல் வீக்கம், இரண்டு மாதம்' என்று ஒரு வரி இருந்தால் போதும். டெக்னீஷியன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கைகளை இடுப்போரம் வைத்து உச்சி முதல் உள்ளங்கால்வரை படம் எடுப்பார்.